இளமைப் பிழையும் நீதிமன்ற அபராதமும்

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களுக்குக் கவலைகள் பல. வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஊரிலிருக்கும் முதியோருக்கு மாதந்தோறும் அனுப்ப வேண்டிய தொகை ஆகியவை நாம் எதிர்பார்க்கும் செலவுகள். இவற்றுக்கு எப்படியோ வழி செய்துகொள்கிறோம். எதிர்பாராத செலவு ஒன்று உண்டு. வீட்டுப் பிள்ளையின் பெயருக்கு நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வருவதே அது. தகப்பனாரின் வண்டியை உரிமம் இன்றி ஓட்டிச் சென்றது, கல்லூரி வாயிலில் நேர்ந்த கைகலப்பு, தோழர்களின் தூண்டுதலால் கடைப் பொருளை எடுத்தது என, விளையாட்டாகத் தொடங்கிய செயல் வழக்காக வந்து வாயிலில் நிற்கிறது.

அவ்வேளையில் நம்மவர் இரு வகையாக நடந்துகொள்வதைக் காண்கிறோம். மானத்துக்கு அஞ்சுவோர், அக்கம்பக்கத்தார் அறியுமுன் முடிந்தால் போதும் என்று, கடன் வாங்கியேனும் கேட்ட தொகையைக் கட்டிவிடுகின்றனர். மற்றையோர், "யார் தேடி வரப் போகிறார்கள்?" என்று காகிதத்தை அலமாரியில் போட்டுப் பூட்டிவிடுகின்றனர். இரண்டுமே தீங்கு. முன்னதில், கட்ட வேண்டாத பணம் போவதோடு, பிள்ளை குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும் பதிவாகிவிடக்கூடும். பின்னதில், சிறிய வழக்கு பிடியாணை வரை வளரக்கூடும். இவ்விரண்டுக்கும் இடையே, அபராதத்தைக் குறைக்கவும், சில வேளைகளில் அதை அறவே நீக்கவும், சட்டமே திறந்து வைத்துள்ள வாயில்கள் உண்டு. எந்த வாயில் எவருக்கு என்பதை நம் வாசகர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வயதைப் பாருங்கள்

குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளில் பிள்ளைக்கு வயது என்ன? இதுவே முதற்கேள்வி. வழக்கு விசாரணைக்கு வரும் நாளின் வயது இங்கே கணக்கில் இல்லை. அந்நாளில் 18 வயது நிரம்பவில்லையாயின், 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையிலுள்ள 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பொருந்தும். அவ்வழக்கைக் கேட்பது வழக்கமான நீதிமன்றம் அன்று. இளைஞர் நீதிக் குழுமம். அதில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் அமர்வர். அவ்விருவருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். 16 வயது நிரம்பியவர் மீது மிகக் கொடிய குற்றம் சாட்டப்பட்டால் மட்டும் வேறு முறை உண்டு. நாம் இங்கே பேசுவது சிறு பிழைகளைப் பற்றி.

பிள்ளை தவறு செய்தது மெய்யென்று கண்டால், குழுமம் என்ன செய்யலாம் என்பதைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு வரிசையாகக் கூறுகிறது. அறிவுரை கூறி எச்சரித்து வீட்டுக்கு அனுப்பலாம். ஆலோசனை வகுப்புக்கு வரச் சொல்லலாம். மேற்பார்வையில் சமுதாயப் பணி செய்யச் சொல்லலாம். பிள்ளையையோ பெற்றோரையோ அபராதம் கட்டச் சொல்லலாம். நன்னடத்தைக்குப் பொறுப்பேற்கும் பெற்றோரிடம் ஒப்படைக்கலாம். அபராதம் இப்பல வழிகளுள் ஒன்றே. ஆதலின், வருவாய் குறைந்த குடும்பத்தினர், "ஐயா, இத்தொகை எங்களுக்குப் பெரும் சுமை, இவன் சமுதாயப் பணி செய்யட்டும், நாங்கள் பொறுப்பேற்கிறோம்" என்று கேட்பதில் குறையொன்றும் இல்லை. சட்டம் இடம் கொடுத்துள்ள வேண்டுகோள் அது.

இவ்வேண்டுகோளுக்கு ஆதாரமாக அமைவது நன்னடத்தை அலுவலரின் சமூக விசாரணை அறிக்கை. பிள்ளை முதன்முதல் குழுமத்தின் முன் வந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் அவர் அதை அளித்தல் வேண்டும். அவர் வீட்டுக்கு வரும்போது கௌரவம் கருதி உண்மையை மறைப்பவர் நம்மில் உண்டு. தகப்பனாரின் மாத வருவாய், வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம், பிள்ளையின் படிப்பு, வீட்டில் உள்ள நோயாளிகள் ஆகிய யாவற்றையும் ஒளிக்காமல் சொல்லுதல் வேண்டும். அறிக்கையில் ஏறாத வறுமையைக் குழுமத்தார் அறிவது எங்ஙனம்?

பிள்ளைக்கு 18 ஆகவில்லை என்பதை எவரும் கவனியாமல், வழக்கமான நீதிமன்றமே விசாரித்து அபராதம் விதித்துவிட்டது என்று கொள்வோம். அப்போதும் காலம் கடந்துவிடவில்லை. அன்று தான் சிறுவன் என்ற வாதத்தை எந்த நீதிமன்றத்திலும் எந்நிலையிலும், வழக்கு இறுதியாக முடிந்த பின்னரும் எழுப்பலாம் என்று அச்சட்டத்தின் 9-ஆம் பிரிவு கூறுகிறது. அது மெய்ப்பிக்கப்பட்டால் வழக்கு குழுமத்துக்கு அனுப்பப்படும். முன்பு விதித்த தண்டனை செல்லாததாகக் கருதப்படும்.

வயதை மெய்ப்பிக்கப் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றோ, பத்தாம் வகுப்புச் சான்றோ முதலிடம் பெறும். அவை இல்லாதபோது மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதே மருத்துவச் சோதனை. ஊரில் பள்ளியில் சேர்க்கும்போது வயதை ஓராண்டு கூட்டியோ குறைத்தோ சொல்லிவிட்ட குடும்பங்கள் உண்டு. பள்ளிச் சான்றே முன்னிற்கும் என்பதை அவர்கள் நினைவிற்கொண்டு, எல்லாச் சான்றுகளையும் வழக்கறிஞரிடம் காட்டி யோசனை கேட்க வேண்டும். புதிதாக ஒரு சான்றைத் தயாரித்துக்கொள்ளலாம் என்று எவரேனும் சொன்னால் அவரை வாயிலோடு அனுப்பிவிடுக. பொய்ச் சான்று தனிக் குற்றம்.

பதினெட்டைக் கடந்தவர்க்கு

18 வயது நிரம்பிய இளைஞருக்கும் சட்டம் கதவை அடைத்துவிடவில்லை. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. நம்மவர் பலர் அதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை. அதன் 3-ஆம் பிரிவின்படி, சில திருட்டு, மோசடி வழக்குகளிலும், இரண்டாண்டுக்கு மேற்படாத சிறையோ அபராதமோ விதிக்கத்தக்க குற்றங்களிலும், முன்பு தண்டனை பெறாதவரை எச்சரித்து விடுவித்துவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அவ்வாறு விடுவிக்கப்பட்டவருக்குச் சிறையும் இல்லை, அபராதமும் இல்லை.

4-ஆம் பிரிவு இதனினும் விரிந்தது. மரண தண்டனையோ ஆயுள் சிறையோ விதிக்கத்தக்க குற்றங்கள் நீங்கலாகப் பிற குற்றங்களில், மூன்றாண்டுக்கு மேற்படாத காலம் நன்னடத்தையோடு இருப்பதாகப் பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடுவிக்கலாம். ஆயினும் பாதிக்கப்பட்டவர்க்கு இழப்பீடும் வழக்குச் செலவும் கொடுக்குமாறு நீதிமன்றம் கட்டளையிடலாம் என்பதை மறத்தல் கூடாது. 21 வயதுக்கு உட்பட்டவராயின், சிறைத் தண்டனை விதிக்குமுன் அது ஏன் தவிர்க்க முடியாதது என்பதற்கு நீதிபதி காரணம் எழுத வேண்டும் என்று 6-ஆம் பிரிவு கூறுகிறது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் இச்சட்டத்தின் பயனை வழங்கலாம். 1964-இல் உச்ச நீதிமன்றம், பஞ்சாபைச் சேர்ந்த 16 வயது இளைஞன் ஒருவனின் வழக்கில், கீழ் நீதிமன்றம் தண்டித்தபோது அவ்விடத்தில் இச்சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை எனினும், மேல்முறையீட்டில் அதன் பயன் அவனுக்குக் கிட்டலாம் என்று தீர்த்தது.

2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சம்ஹிதை வந்துள்ளது. அதில் சமுதாயப் பணி என்பது தண்டனை வகைகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடியவன், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சமுதாயப் பணியே அவனுக்குத் தண்டனை. கடையில் பொருள் எடுத்த பிள்ளையின் பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது யாதென்பது இதனால் விளங்கும். அந்நாளுக்கு முன் நடந்த செயல்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதையும் நினைவிற்கொள்க.

வண்டி வழக்குகள்

நம் வீடுகளுக்கு மிகுதியாக வருபவை வண்டி வழக்குகளே. உதாரணமாக, 17 வயதுப் பையன் ஒருவன் தகப்பனாரின் ஸ்கூட்டரைத் தலைக்கவசமும் உரிமமும் இன்றி ஓட்டிப் பிடிபட்டான் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, உரிமம் இன்மைக்கு 5,000 ரூபாய். தலைக்கவசம் இன்மைக்கு 1,000 ரூபாய். இவற்றினும் பெரிது தகப்பனாரைச் சேர்வது. 199ஏ பிரிவின்படி காப்பாளரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். அவருக்கு 25,000 ரூபாய் அபராதமும், மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு நீக்கப்படும். பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது.

இங்கே தகப்பனார்க்குச் சட்டம் தரும் எதிர்வாதம் ஒன்று உண்டு. பையன் ஓட்டியது தமக்குத் தெரியாது என்றோ, அதைத் தடுக்கத் தாம் வேண்டிய முயற்சி அனைத்தும் செய்தார் என்றோ மெய்ப்பித்தால் அவர்மேல் பொறுப்பு இல்லை. சம்மதத்தோடுதான் ஓட்டினான் என்று நீதிமன்றம் முதலில் கருதிக்கொள்ளும்; ஆதலின் மெய்ப்பிக்கும் பாரம் அவருடையது. சாவி எங்கே இருந்தது, அவர் அப்போது பணியில் இருந்தாரா, முன்பு கண்டித்தது யாருக்குத் தெரியும் என்பனவற்றை நினைவு மங்குமுன் எழுதி வைத்தல் நன்று. பையன் பழகுநர் உரிமம் பெற்று, அதில் அனுமதித்த வண்டியையே ஓட்டியிருந்தால் காப்பாளர்மேல் இப்பொறுப்புச் சாராது. 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு 16 வயதிலேயே உரிமம் பெறலாம்.

உரிமம் பெற்றும் கையில் வைத்திராத இளைஞர், அதைக் குறித்த காலத்துக்குள் உரிய அதிகாரியிடம் காட்டலாம். உரிமமே இல்லாதவராக எண்ணி 5,000 ரூபாய் கட்டிவிட வேண்டா.

வண்டிக் குற்றங்களுள் பலவற்றை, மாநில அரசு அறிவித்துள்ள தொகையைச் செலுத்தி இணக்கமாகத் தீர்த்துக்கொள்ள 200-ஆம் பிரிவு வழி செய்கிறது. அத்தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். 2019 செப்டம்பரில் குஜராத் அரசு பலவற்றைக் குறைத்து அறிவித்ததைப் பலர் அறிவர். ஆகவே தமிழ்நாட்டில் உள்ள உறவினர் சொன்ன தொகையை இங்கே எதிர்பார்த்தல் கூடாது. தாம் வாழும் மாநிலத்தின் அறிவிப்பையே பார்க்க வேண்டும். குடித்துவிட்டு ஓட்டிய குற்றம் இப்பட்டியலில் இல்லை. அது நீதிமன்றத்துக்கே செல்லும்.

ஒப்புக்கொள்ளுமுன்

இன்று பல நகரங்களில் வண்டிச் சலான்கள் இணையவழி நீதிமன்றத்துக்கு அனுப்பப்படுகின்றன. கைப்பேசியிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டலாம். மறுத்து வழக்காடுவதாகவும் தெரிவிக்கலாம். எளிதாக இருக்கிறது என்பதற்காக உடனே பொத்தானை அழுத்திவிட வேண்டா. வண்டி எண் சரியா, நாளும் இடமும் சரியா, ஓட்டியவர் யார் என்பனவற்றை முதலில் பார்க்க வேண்டும். வண்டியை விற்ற பின்னும் பெயர் மாற்றாத காரணத்தால் பிறர் செய்த குற்றத்துக்கு அபராதம் சுமப்பவரும் உண்டு.

மக்கள் நீதிமன்றம் என்னும் லோக் அதாலத் மற்றொரு வாயில். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்கீழ் இது நடைபெறுகிறது. தேசிய அளவிலும் ஆண்டில் பல முறை ஒரே நாளில் நாடெங்கும் இது கூடுகிறது. தேங்கிய வண்டிச் சலான்கள் பல, கேட்ட தொகையினும் குறைவாக அங்கே தீர்கின்றன. ஆயினும் இரண்டு செய்திகளை அறிதல் வேண்டும். இணக்கத்துக்கு உரிய குற்றங்களையே அது கேட்கும். அங்கே தீர்ந்தது தீர்ந்ததே. அதன்மேல் மேல்முறையீடு இல்லை.

கைகலப்பு போன்ற வழக்குகளில் அடிபட்டவரே மனமொப்பிச் சமரசம் செய்துகொள்ளப் பாரதிய நாகரிக் சுரட்சா சம்ஹிதையின் 359-ஆம் பிரிவு இடமளிக்கிறது. சாதாரணக் காயம் விளைவித்த குற்றம் அவ்வகையைச் சேர்ந்தது. அவ்வாறு தீர்ந்த வழக்கு விடுதலைக்குச் சமம், அபராதத்துக்கே இடமில்லை. இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, பையன் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டு, மருத்துவச் செலவைக் கொடுத்துவிட்டால், நீதிமன்றத்தில் அபராதம் கட்டுவதைக் காட்டிலும் நல்ல முடிவு கிட்டும். ஆனால் அச்சுறுத்தியோ, இடையில் நிற்கும் தரகர் மூலமாகவோ பெறும் சமரசம் பிறகு துன்பமாய் முடியும்.

பழைய வழக்காயின் நாட்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அபராதம் மட்டுமே தண்டனையாகவுள்ள குற்றத்துக்கு ஆறு மாதம், ஓராண்டு வரை சிறைக்குரியதற்கு ஓராண்டு, மூன்றாண்டு வரை சிறைக்குரியதற்கு மூன்றாண்டு எனக் கால வரம்பு உண்டு. அதைக் கடந்து தொடுத்த வழக்கை, தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தாலன்றி, நீதிமன்றம் ஏற்காது.

தீர்ப்பு வந்த பிறகு

தண்டனையைப் பற்றி நீதிபதி கேட்கும்போது வாய்மூடி நிற்றல் கூடாது. அபராதத்துக்கு உச்ச வரம்பு குறிக்கப்படாத இடத்தில் அது மிகையாக இருத்தல் கூடாது என்று சட்டமே கூறுகிறது. முதற்குற்றம், இளவயது, படிப்பு, குடும்ப வருவாய் ஆகியவற்றைச் சான்றோடு எடுத்துரைக்க வேண்டும். ஆனால் சட்டமே இன்ன தொகை என்று நிர்ணயித்துள்ள இடத்தில் நீதிபதியின் இரக்கம் அதைக் குறைக்க இயலாது.

தொகை குறையாவிட்டாலும் தவணை கேட்கலாம். அபராதம் மட்டுமே விதித்து, கட்டத் தவறினால் சிறை என்று தீர்ப்பு இருந்து, பணத்தை உடனே கட்ட இயலாதாயின், 30 நாட்களுக்குள் முழுவதையும் கட்டவோ, இரண்டு மூன்று தவணைகளாகக் கட்டவோ நீதிமன்றம் இடம் தரலாம் என்று சுரட்சா சம்ஹிதையின் 464-ஆம் பிரிவு கூறுகிறது. முதல் தவணை 30 நாட்களுக்குள். பின்னவை 30 நாட்களுக்கு மேற்படாத இடைவெளியில். வட்டிக்காரரிடம் ஓடுமுன் இவ்வழியை நாடுங்கள்.

நடுவர் நீதிமன்றத் தீர்ப்பின்மேல் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாட்கள் உண்டு. இளைஞர் நீதிக் குழுமத்தின் கட்டளைமேல் குழந்தைகள் நீதிமன்றத்தில் முறையிடவும் 30 நாட்களே. குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கூட, தண்டனையின் அளவையும் அதன் சட்டப் பொருத்தத்தையும் பற்றி முறையிடலாம். மிகச் சிறிய அபராதங்களுக்கு மட்டும் மேல்முறையீடு இல்லை. எனவே தீர்ப்பின் சான்றிட்ட நகலை அன்றே விண்ணப்பித்துப் பெறுவது இன்றியமையாதது.

கட்டாமல் விட்டுவிட்டால் என்னாகும்? அபராதத்தைத் தீர்ப்பு நாளிலிருந்து ஆறாண்டுகள் வரை வசூலிக்கலாம். அதற்காக உடைமையைக் கைப்பற்றவும் ஆணை பிறக்கும். நியாய சம்ஹிதையில், அபராதமோ சமுதாயப் பணியோ மட்டுமே தண்டனையாகவுள்ள குற்றத்தில் 5,000 ரூபாய் வரையுள்ள தொகை கட்டத் தவறினால் இரண்டு மாதம் வரை வெறுங்காவல் சிறை விதிக்க இடமுண்டு. மறைத்து வைத்த காகிதம் மறைந்துவிடுவதில்லை.

மொழியும் வழக்கறிஞரும்

நம் குடும்பங்களுக்குத் தனியாக உள்ள இடர் மொழி. இந்தியிலோ மராத்தியிலோ வங்காளத்திலோ எழுதிய காகிதத்தில், பொருள் விளங்காமல் கையெழுத்திடும் வழக்கம் ஒழிய வேண்டும். குழுமத்தில் நடப்பது பிள்ளைக்குப் புரியாத மொழியாயின் மொழிபெயர்ப்பாளரை ஏற்படுத்துவது குழுமத்தின் கடமை என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு கூறுகிறது. கேட்பதற்குத் தயங்க வேண்டா.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்பதும் காரணம் ஆகாது. 18 வயதுக்கு உட்பட்டோர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர், காவலில் உள்ளோர், குறித்த வரம்புக்குட்பட்ட வருவாய் உடையோர் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உரிமையாகும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைய அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். நீதிமன்ற வாயிலில், "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கைகொடுக்கும் தரகரினும் அவ்வலுவலகம் நம்பத்தக்கது.

தொகையினும் பெரியது

இவ்வளவும் பணத்தைப் பற்றிச் சொன்னோம். பணத்தினும் பெரியது பிள்ளையின் பெயர். 18-க்கு உட்பட்டவன் இளைஞர் நீதிச் சட்டப்படி நடத்தப்பட்டால், பொதுவாக அக்குற்றத்தால் வரும் தகுதியிழப்பு எதுவும் அவனைச் சாராது. மேல்முறையீட்டுக் காலம் கழிந்தபின் பதிவேடுகளும் அழிக்கப்பட வேண்டும். முடிந்த வழக்கைப் பற்றி நடத்தைச் சான்றுக்காகக் காவல்துறை வெளியிடுதலும் கூடாது. 18 நிரம்பியவன் நன்னடத்தைச் சட்டத்தின் 3 அல்லது 4-ஆம் பிரிவில் விடுவிக்கப்பட்டால், தண்டனையோடு ஒட்டிவரும் தகுதியிழப்பு அவனுக்கும் இல்லை. எனினும் குற்றம் செய்தான் என்ற முடிவு அழிவதில்லை. அவசரப்பட்டு ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியவனுக்கோ இப்பாதுகாப்பும் கிட்டுவதில்லை. 500 ரூபாயை மிச்சப்படுத்துவதைவிட, எந்தச் சட்டத்தின்கீழ் வழக்கு முடிகிறது என்பதே முக்கியம் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

தில்லிக் காவல்துறையில் தலைமைக் காவலர் வேலைக்கு விண்ணப்பித்த இளைஞர் ஒருவரின் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 20 வயதில் தம்மீது இருந்த அடிதடி வழக்கை அவர் விண்ணப்பத்தில் குறிப்பிடவில்லை. இளமையில் செய்யும் சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும் மனப்பான்மை வேண்டும் என்று கூறி நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்த்தது. ஒரு ரொட்டியைத் திருடியதற்காக வாழ்நாள் முழுவதும் திருடன் என்ற முத்திரையைச் சுமந்த ஜான் வல்ஜானை, விக்டர் ஹ்யூகோவின் நாவலிலிருந்து நீதிபதிகள் அத்தீர்ப்பில் நினைவுகூர்ந்தனர். ஆயினும் எல்லா வழக்கும் அவ்வாறே முடியும் என்று நம்பி விண்ணப்பத்தில் மறைத்தல் தகாது. கேட்ட கேள்விக்கு எவ்வாறு விடையளிப்பது என்பதைத் தீர்ப்பின் நகலைக் காட்டி வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே முறை.

பெற்றோர்க்கு நாம் கூறுவது இது. வீட்டில் பிள்ளையைக் கண்டியுங்கள். அது உங்கள் கடமை. நீதிமன்றத்தில் அவன் பக்கத்தில் நில்லுங்கள். அதுவும் உங்கள் கடமையே. அழைப்பாணை வந்தால் அன்று மாலையே பிரித்துப் படியுங்கள். மொழி தெரியாவிட்டால் தெரிந்தவரை அழையுங்கள். பள்ளிச் சான்று, பிறப்புச் சான்று, வண்டிக் காகிதம், வருவாய்ச் சான்று ஆகியவற்றை ஒரு உறையில் இட்டு, வழக்கு நாளுக்கு முன்பே சட்டப் பணிகள் ஆணைய அலுவலகத்துக்குப் பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். தான் செய்த பிழையின் கணக்கை அவனும் உடனிருந்து கேட்கட்டும்.